சாவிக்காரன் முகம்

ஜூன் 3, திங்கள்

இன்றும் தண்ணீர் லாரி வரவில்லை. எட்டுக் குடங்களும் வாசலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கின்றன. செண்பகம் ஆபீசுக்குக் கிளம்பும்போது, "லாரி வந்தா நீங்கதான் பிடிக்கணும். கூட்டத்தைப் பாத்துட்டு ஒதுங்கி நின்னிய, ராத்திரி சோறு கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறு வருடக் குடித்தனத்தில் என்னை நன்றாகப் படித்து வைத்திருக்கிறாள். நான் பயந்தவன்தான். இதை எழுத வெட்கமே இல்லை.

பயத்தை எழுதிவைத்தால் குறையும் என்று சொன்னதும் அவள்தான். அதனால்தான் இந்த டைரி. எழுதக் கூடாத ஒன்று இருக்கிறது, அதை மட்டும் இதில் எழுத மாட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். கடல் கடந்த ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு வகை அணுக்கருக்களை மோதவிட்டார்கள். ருத்தேனியம், ஜிர்கோனியம். எடையில் இரண்டும் ஒன்றுதான். ருத்தேனியத்தில் மட்டும் நாலு புரோட்டான் கூட. அதனால் மோதும்போது எழும் காந்தப்புலமும் அதில் கொஞ்சம் கூட. எங்கள் பேராசிரியர் பத்மாசனி மேடம் பதினெட்டு வருடமாகச் சொல்லிவரும் விளைவு உண்மையானால் அது ருத்தேனியத்தில் தூக்கலாகத் தெரிய வேண்டும். ஆசை கண்ணை மறைத்துவிடக் கூடாது என்று, தரவை ஏ குவியல், பி குவியல் என்று பெயர் மாற்றி ஐந்து குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையில் மேடத்தின் குழு அதில் ஒன்று. எந்தக் குவியல் எது என்று அவர்களுக்குத் தெரியாது. கருவிகள் ஒழுங்காக ஓடினவா என்று சரிபார்க்க யாருக்காவது தெரிந்தாக வேண்டுமே, அதற்கு ஐந்து பேர் அந்த ரகசியத்தின் சாவியை வைத்திருக்கிறோம். ஐவரில் நான் ஒருவன். என் பெயரைக் கொடுத்ததே மேடம்தான். "நெல்லைநாயகம் வாயைத் திறக்க மாட்டான்" என்றாராம்.

வாய் சரி.

ஜூன் 4, செவ்வாய்

லாரி வந்தது. ஆறு குடம் பிடித்தேன்.

ஜூன் 5, புதன்

செண்பகம் கேட்டாள், மேடம் அப்படி எதைத்தான் தேடுகிறார் என்று. மாவு அரைத்துக்கொண்டே கேட்டதால் கத்திக் கத்திச் சொன்னேன். அணுக்கருக்கள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் உரசும்போது நொடியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு காந்தப்புலம் எழுகிறது. வானத்தில் காந்த நட்சத்திரங்கள் என்று இருக்கின்றன, அவற்றின் புலமே இதற்கு உறைபோடக் காணாது. மோதிய இடத்தில் அணுக்கருவே உருகி, உள்ளே இருக்கும் குவார்க்குகள் குழம்பாகிவிடுகின்றன. அந்தக் குழம்பில் அவற்றுக்கு எடை இல்லாத மாதிரிதான். ஒவ்வொன்றும் ஒரு கைப்பழக்கத்தோடு ஓடும். போகிற திசையில் வலது கட்டைவிரலை நீட்டி மற்ற விரல்களை மடக்கினால், விரல்கள் சுற்றும் பக்கமாகவே அது சுழன்றால் வலக்கை. மறுபக்கம் சுழன்றால் இடக்கை.

"ரெண்டும் சமமா இருந்தா ஒண்ணும் நடக்காது. வலக்கை கூடிப்போச்சுன்னு வை, அந்தக் காந்தப்புலத்துல பாசிட்டிவ் எல்லாம் ஒரு பக்கமும் நெகட்டிவ் எல்லாம் எதிர்ப்பக்கமும் போகும். பிரிஞ்சு நிக்கும்."

"லாரித் தண்ணிக்கு மாடிக்காரங்க ஒரு பக்கம், கீழ் வீட்டுக்காரங்க ஒரு பக்கம் நிக்குத மாதிரியா?"

"அதேதான். ஆனா அவங்க வேற காரணத்துக்காகவும் பிரிஞ்சு நிப்பாங்கல்ல? சண்டை, சொந்தம், இப்படி. அதெல்லாம் பின்னணி. ரெண்டு வகை அணுக்கருவுலயும் பின்னணி ஏறக்குறைய ஒண்ணுதான். மாத்திப் போட்டாலும் மாறாது. காந்தத்தால வர்றது மட்டும்தான் மாறும்."

"சரி, எந்தக் குவியல் ருத்தேனியம்?" என்றாள் சாதாரணமாக, உப்புப் போட்டாச்சா என்று கேட்கிற குரலில். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரித்து, "நல்ல ஆளைப் பிடிச்சாங்க சாவி வைக்க" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 6, வியாழன்

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. நடந்ததா என்றும் நிச்சயமில்லை.

சாவி வைத்திருப்பவர்கள் எந்தக் குழுவின் முடிவையும் பார்க்கக் கூடாது. மேடத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு நான் மூன்று மாதமாகப் போவதில்லை. இன்று ப்ரொஜெக்டர் எரியவில்லை. அதை எந்த இடத்தில் தட்டினால் எரியும் என்பது இந்தக் கட்டடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஸ்டெல்லா ரோச் வந்து கூப்பிட்டாள். மேடத்திடம் ஆராய்ச்சி செய்யும் தூத்துக்குடிப் பெண், நல்ல உழைப்பாளி. "ஒரு நிமிஷம் சார், தட்டிட்டுப் போயிருங்க."

தட்டினேன். எரிந்தது. எரிந்ததும் திரையில் அவளுடைய வரைபடம் வந்து நின்றது. ஏ குவியலில் மின்னூட்டப் பிரிவு கூட, பி குவியலில் குறைவு. அதிகமில்லை, ஆனால் பிழைக்கோடுகள் ஒன்றையொன்று தொடவில்லை, தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். மேடம் மட்டும் என்னைப் பார்த்தார்.

எத்தனை நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. என் முகம் விழுந்ததை நானே உணர்ந்தேன். உடனே குனிந்து, தேவையே இல்லாமல் ஒரு கேபிளைப் பிடுங்கிச் சொருகினேன். ஸ்டெல்லா, "ஐயோ சார், நல்லாத்தானே இருந்துச்சு" என்றாள். வெளியே வந்து கழிவறைக்குப் போனேன். குழாயில் தண்ணீர் இல்லை. வியர்த்த முகத்தைக் கர்ச்சீப்பால் துடைத்துக்கொண்டேன்.

முகம் ஏன் விழுந்தது என்று இதில் எழுத மாட்டேன்.

ஜூன் 7, வெள்ளி

ஜலதோஷம் என்று சொல்லி முகமூடி போட்டுக்கொண்டு போனேன். இந்த வெயிலில் ஜலதோஷமா என்று காவலாளி கேட்டார்.

ஜூன் 10, திங்கள்

மெஷினில் காப்பி பிடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா வந்தாள். முகத்தில் சலிப்பு.

"மேடம் வடிகட்டியை மாத்தச் சொல்றாங்க சார். வேகம் குறைஞ்ச துகளை எல்லாம் இன்னும் கொஞ்சம் கூடத் தள்ளிரணுமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாக் குழுவோட நிரலும் பூட்டப்போறாங்க, அப்புறம் எதையும் மாத்த முடியாது. இந்த நேரத்துல போயி."

"காரணம் சொன்னாங்களா?"

"நல்ல காரணம்தான் சார். அந்தப் பகுதியில கருவி சரியா எண்ணலைங்கிறாங்க. நானும் பாத்தேன், நியாயமாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு வருஷமா அது அப்படித்தானே இருக்கு?"

காப்பி கையில் கொட்டியது.

மேடம் பொய் சொல்கிறவர் இல்லை. பதினோரு வருடமாக அவரைத் தெரியும். என் முனைவர் பட்டத்தின் மூன்றாம் வருடத்தில் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு ஓடியபோது, பாளையங்கோட்டைக்குத் தானே பஸ் ஏறி வந்து, என் அப்பாவிடம், "இவனுக்குப் பயம்தான், மூளைக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்று சொல்லி அழைத்துப் போனவர். அவர் தெரிந்து செய்யவில்லை. தெரிந்து செய்திருந்தால் எனக்கு இத்தனை பயம் இருக்காது. என் முகத்தைப் பார்த்திருக்கிறார், அது மனசுக்குள் போயிருக்கிறது, அது போனதே தெரியாமல் ஒரு நல்ல காரணத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அந்தக் காரணம் உண்மையாகவும் இருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

சாவிக் குழுவின் தலைவி வாண்டா போலந்துக்காரர், கண்டிப்பானவர். அவருக்கு எழுத உட்கார்ந்தேன். "என் முகபாவத்தின் மூலம்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதற்கு மேல் எழுதினால் மேடத்தின் குழுவை நீக்கிவிடுவார்கள். ஐந்து குழுக்களில் இந்தியாவிலிருந்து இருப்பது இது ஒன்றுதான். ஸ்டெல்லாவின் ஆய்வேடு இதை நம்பித்தான் இருக்கிறது. மேடத்துக்கு செப்டம்பரில் ஓய்வு. என் வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

மேடத்திடமே நேரில் சொல்லலாம் என்றால், அது இதைவிட மோசம். 'அந்த வடிகட்டியை மாற்றாதீர்கள்' என்று நான் சொன்னால் போதும், எந்தக் குவியல் எது என்று அவருக்குத் தெரிந்துவிடும். எச்சரித்தாலே ரகசியம் போய்விடும். எப்படித் திரும்பினாலும் சுவர்தான்.

நாளைக்குக் கண்டிப்பாக வாண்டாவுக்கு அனுப்பிவிடுவேன்.

ஜூன் 12, புதன்

லாரி வரவில்லை. மோட்டார் காற்றைத்தான் இழுக்கிறது. எலக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தேன். சீலிங் ஃபேன் இறக்கையைத் துடைத்தேன். வாண்டாவுக்கு அனுப்ப நேரம் கிடைக்கவில்லை.

மத்தியானம் கேன்டீனில் மாட்டிக்கொண்டேன். ஓரமாகத் தயிர்சாதத்தைப் பிரித்து வைத்து, சாப்பிடுவதற்காக முகமூடியைக் கழற்றிய நேரம் பார்த்து மேடமும் ஸ்டெல்லாவும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஸ்டெல்லா வெகுளி. வேறு நினைப்பில் மேடத்திடம், "ஏ இறங்கிருச்சு மேடம். இப்போ பிதான் மேல" என்றாள்.

"ஸ்டெல்லா!" என்று மேடம் அதட்டினார். அதட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

என் கையில் சாதம். வாயிலும் சாதம். முகத்தை ஒளித்துக்கொள்ள இடமில்லை. ஐயோ, வந்துவிட்டது, நான் பயந்தபடியே வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். என் முகம் என்ன செய்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மேடம் மோரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

ஜூன் 13, வியாழன்

செண்பகம் விளக்கைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"என்ன விஷயம்னு கேக்கல. சொல்ல முடியாதுன்னு தெரியும். ஆனா ஒண்ணு கேக்கேன். நீங்க வாயைத் திறக்காம இருந்தா யாருக்காவது கெடுதல் வருமா?"

"ஆமா."

"திறந்தா?"

"அப்பவும் வரும்."

"அப்போ திறக்காம இருக்கது நல்லதுன்னு நீங்க நினைக்கல. லேசுன்னு நினைக்கிய" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

எனக்குப் பயத்தோடு ரோஷமும் வந்தது. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை. நாளைக்கு அனுப்புவேன் என்று எழுத வந்தேன். செவ்வாய்க்கிழமைக் குறிப்பிலும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

நாலே காலுக்கு மேடத்தின் அறைக் கதவைத் தட்டினேன். நிரல்களைப் பூட்ட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. கதவைத் திறந்ததும் மேடம் கையைத் தூக்கினார்.

"பேசாதே. நீ ஒரு வார்த்தை பேசினாலும் எனக்குத் தெரிஞ்சுடும். கதவைச் சாத்திட்டு உட்கார். அந்தப் பக்கம் திரும்பி உட்காரு."

சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சுவரில் போன வருடக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொல்றதைக் கேளு. பதில் வேண்டாம். போன வாரம் வியாழக்கிழமை ஏ மேல இருந்தது. உன் மூஞ்சி விழுந்தது. முந்தாநாள் கேன்டீன்ல, ஏ கீழே போயிடுத்து. அப்பவும் உன் மூஞ்சி விழுந்தது. முதல் தடவையைவிட ஜாஸ்தி. ரெண்டு நாளா இதையே யோசிக்கிறேன். முடிவு தலைகீழா மாறியும் உன் மூஞ்சி மாறலைன்னா, ரெண்டாவது தடவை அது முடிவுக்காக விழல. அது பின்னணிடா. காந்தத்தைப் பத்தி இல்ல, என்னைப் பத்தி. நான் உன் மூஞ்சியைப் படிக்கறேன்னு நீ பயந்திருக்கே. நீ பயப்படறேன்னா, முதல் தடவை அதுல படிக்க ஏதோ இருந்திருக்கு."

காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பவில்லை.

"நான் படிச்சேனா? சத்தியமா எனக்குத் தெரியலைடா. அன்னிக்கு ராத்திரி அந்த வடிகட்டி ஞாபகம் வந்தது. நல்ல காரணமாத்தான் பட்டது. இப்பவும் நல்ல காரணமாத்தான் படறது. பழைய வடிகட்டிக்கே திரும்பிடலாம்னு பார்த்தேன். அதுவும் உன் மூஞ்சியைப் பார்த்து எடுத்த முடிவுதானே? இனிமே நான் எதைத் தொட்டாலும் அதுல உன் மூஞ்சி இருக்கு."

பிறகு தட்டச்சு செய்யும் சத்தம் மட்டும் கேட்டது. நாலரை மணி வாக்கில், "அனுப்பிட்டேன். நம்ம குழு விலகறது. காரணம், குழுத் தலைவரோட கவனக்குறைவு. உன் பேரைப் போடலை. நீ எழுந்து போ, ஸ்டெல்லாகிட்ட நான்தான் சொல்லணும்" என்றார்.

எழுந்து போனேன். நான் போய்ச் செய்திருக்க வேண்டியதை அவர் செய்தார். படிக்கட்டில் நின்று அழுதேன்.

ஜூன் 15, சனி

என் பேரைப் போடாமல் விட்டது நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. காலையில் வாண்டாவுக்கு எழுதினேன். ப்ரொஜெக்டர், கேன்டீன், இரண்டு முறையும் விழுந்த என் முகம், ஒன்பது நாள் நான் வாயைத் திறக்காமல் இருந்தது, எல்லாவற்றையும். அனுப்பும் பொத்தானை அழுத்தும்போது செண்பகத்தைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். நின்றாள்.

ஜூன் 17, திங்கள்

வாண்டாவின் பதில் நாலே வரி. சாவிக் குழுவில் இனி நான் இல்லை. எந்தக் குவியல் எது என்று திறந்து காட்டும் நாள் வரை யாரிடமும் இதுபற்றிப் பேசக் கூடாது. உண்மையைச் சொன்னதற்கு நன்றி, இன்னும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்டெல்லா எதிரே வந்தாள். ஒதுங்கி வழிவிட்டேன். "உங்க மூஞ்சிக்கு என் ரெண்டு வருஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆய்வேட்டில் ஒரு அத்தியாயத்தை அவள் முதலிலிருந்து எழுத வேண்டும். அவள் சொன்னதில் தப்பே இல்லை.

ஜூன் 20, வியாழன்

மழை வரும் போல் இருட்டிக்கொண்டு வந்து ஏமாற்றியது. நாலு குடம்.

ஜூன் 28, வெள்ளி

இந்திய நேரம் மாலை ஆறரைக்குத் திறந்தார்கள். கணினியில் பார்க்க எல்லோருக்கும் அனுமதி உண்டு. நான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மேடம் கூப்பிட்டனுப்பினார். அறையில் அவர் மட்டும் இருந்தார். ஸ்டெல்லா வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நான் வாசலருகே நின்றுகொண்டேன்.

இப்போது எழுதலாம். ஏ குவியல்தான் ஜிர்கோனியம். நாலு குழுக்களின் கோடுகளும் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. நாலிலும் ஜிர்கோனியம் ஒரு துளி மேலே, ருத்தேனியம் கீழே. மேடம் பதினெட்டு வருடமாகச் சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம். இரண்டு வகையிலும் வெளிவரும் துகள்களின் எண்ணிக்கையே கொஞ்சம் வித்தியாசப்படுகிறது, பின்னணி நாம் நினைத்த மாதிரி ஒன்றாக இல்லை என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். காந்தப்புலத்தின் கைவரிசை என்று சொல்ல ஒன்றும் தென்படவில்லை. நாங்கள் வைத்த கண்ணுக்கு அது படவில்லை, அவ்வளவுதான் இப்போதைக்குச் சொல்ல முடியும்.

மேடம் சத்தத்தைக் குறைத்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பழைய வடிகட்டியோட நம்ம கோடும் இவங்களோடதான் நின்னிருக்கும்" என்றார். "ஸ்டெல்லா சரியாத்தான் செஞ்சிருக்கா. அதை நான் அவகிட்ட சொல்லணும்."

"சொல்லுங்க மேடம்."

"புது வடிகட்டியோட போயிருந்தா, நாலு பேரும் இல்லைன்னிருப்பா. நாம ஒருத்தர் மட்டும் இருக்குன்னு சொல்லியிருப்போம். நான் விட்டிருக்க மாட்டேன்டா. அந்த நாலு பேர்கிட்ட என்ன தப்புன்னு தேடியிருப்பேன். கிடைச்சிருக்கும். தேடினா எல்லார்கிட்டயும் கிடைக்கும். ஊர் ஊராப் போய்ப் பேசியிருப்பேன். சாகற வரைக்கும் நம்பியிருப்பேன், நான் நேர்மையானவள்னு வேற நினைச்சுண்டு."

மேசை விளிம்பை இன்னும் விடவில்லை. இந்தப் பதினோரு வருடத்தில் மேடம் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"பயமா இருக்குடா நாயகம்" என்றார்.

பயப்படாதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் யாரோ இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிகிறவரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.